இரவலாகப் போன ஆட்டக்காரன்

விருதுநகரில் நான் வாத்தியாராக இருந்தபோது, பள்ளி விட்டதும் ஊர்க் கால்பந்து கிளப்பின் இளையோர் அணி ஆடுவதைப் பார்க்கப் போய்விடுவேன். இடது ஓரத்தில் ஆடியவன்மேல் எனக்குத் தனிப் பிரியம். அவனை ஒரு சீசனுக்கு மதுரையில் ஒரு மில் அணிக்கு இரவலாக அனுப்பினார்கள். ஊருக்கு வரும்போதெல்லாம், வாராவாரம் ஆடுவதாகச் சொன்னான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்த அவன் அம்மாவை மதுரைக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன். அவர் அதுவரை பந்தாட்டமே பார்த்ததில்லை.

மில் அணி களத்தில் இறங்கியது. அதில் அவன் இல்லை. கோட்டுக்கு வெளியே வாளியும் டம்ளருமாக நின்றான். இடைவேளையில் எல்லோரும் அவனிடம் வந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள்.

"பாத்தீகளா சார், எம்மவனைத் தேடி எம்புட்டுப் பேரு வாராக!" என்றார் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக.

"ஆமாம்மா" என்றேன்.

ஆட்டம் முடிந்து எங்களைக் கண்டதும் அவன் திகைத்துப்போனான். "நல்லா வெளயாடுனலே" என்று அம்மா அவன் தலையைத் தடவினார். அவன் அழுதுவிட்டான். சந்தோஷத்தில் அழுகிறான் என்றே அவர் நினைத்தார்.

சீசன் முடிந்து திரும்பியவன் மைதானப் பக்கமே வரவில்லை. பட்டாசு லோடு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இடது ஓரத்தில் வேறொருவன் ஆடினான். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.