கேம்ப் லிஸ்டில் இல்லாத பேர்

அந்த மழையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் ஓடையோரத் தெருவில், தண்ணீர் ஏறாமல் தப்பித்தது மேட்டில் இருந்த எங்கள் வீடு மட்டும்தான். மதியம் ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து, எல்லாரும் பள்ளிக்கூடத்து கேம்புக்குப் போய்விடும்படி சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி தலையில் துணிமூட்டையோடு, புருஷனையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நான்தான் நிறுத்தினேன்.

"ஏங்கண்ணு, அத்தன கூட்டத்துல வயசுப் புள்ளைகள வெச்சுக்கிட்டு எங்க படுப்பே? நம்மூட்டுக்கு வா."

கேம்புக்கே போய்விடலாம் என்றார் அவள் புருஷன். நான் விடவில்லை. மூட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஐந்து நாள் இருந்தார்கள். பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் மூன்றாம் நாளே ஒற்றைக் குளியலறை முன்னால் வரிசை நிற்பதும், வீடெல்லாம் ஈரத்துணி வாடையும், கார் நிற்கும் இடத்தில் அவர்கள் ஓட்டிவந்து கட்டிய ஆடுகளின் புழுக்கையும் எனக்கு எரிச்சல் மூட்டின. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நான் எழுவதற்குள் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்திருப்பாள்.

நாலாம் நாள் அவர்கள் வீட்டுப் பின்சுவர் ஊறி விழுந்தது.

மழை விட்டதும், சுவருக்கு நிவாரணம் கேட்டு வில்லேஜ் ஆபீஸுக்கு அவளோடு நானும் போனேன். அங்கிருந்தவர் மலையாளத்தில் ஒரே கேள்விதான் கேட்டார்: கேம்பில் இருந்தார்களா? என் வீட்டில் இருந்தார்கள் என்றேன். கேம்ப் லிஸ்டில் பேர் இருந்தால்தான் உதவிக்கு எழுத முடியுமாம். சுவரின் போட்டோவைக் காட்டினேன், நேரில் வந்து பார்க்கச் சொன்னேன், சத்தமும் போட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தாலுக்கா ஆபீஸுக்கு இரண்டு தடவை பஸ் ஏறினோம். அங்கும் அதே பதில்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"உங்களக் கொற சொல்லலீங்க்கா. ஆனா நீங்க கூப்புடாம இருந்திருந்தா எங்க பேரும் அதுல இருந்திருக்குமுங்க."

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. ஐந்து நாள் சோறு போட்டவளிடம் பேசுகிற பேச்சா இது? அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடிந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஒரு வருஷம் தார்ப்பாய் கட்டித்தான் ஓட்டினார்கள். அடுத்த மழைக்கு ஜீப்பில் வந்து மறுபடி கிளம்பச் சொன்னபோது, முதலில் கேம்பில் பேர் எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் வீட்டுக்கு வரச் சொன்னேன். சரி என்று தலையாட்டினாள். எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கேயே தங்கிவிட்டாள்.