கேட்டு வந்த கப்பல்

ராயபுரம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் எங்கள் செட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை செய்தவன் செத்துப்போனால் அவன் கட்டு தூக்கிய கொக்கி அவன் வீட்டிலேயே இருக்கும். பெண்சாதி மனசார எடுத்துக் கொடுக்கும்வரை அவன் இடத்தில் வேறு ஆள் சேர்க்க மாட்டோம். சண்டை தொடங்கிய வருஷம் ஜெர்மன் கப்பல் போட்ட குண்டில் என் அக்கா புருஷன் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு ஏழு பேர் வேலையை ஆறு பேர் செய்தோம். மாமாவின் கொக்கி அக்கா வீட்டில் மாதா படத்துக்குக் கீழே தொங்கியது.

சண்டை ஓய்ந்து சில வருஷம் கழித்து ஜெர்மன் கப்பல் மறுபடி வந்தது, நம் ஊர்த் தோல் வாங்க. கப்பல் ஆபீஸ் ரைட்டர் விளக்கினார்: சமாதான ஒப்பந்தப்படி, ஜெயித்தவர்கள் சரக்குக்கு ஜெர்மனி மற்ற நாட்டுச் சரக்கைவிட வரியைக் கூட்டிப் போடக் கூடாதாம். ஜெர்மன் சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாதாம். சில வருஷத்துக்கு இந்த ஏற்பாடு. ஜெயித்தவர் பட்டியலில் நாமும் சேர்த்தி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்காவிடம் ஓடினேன்.

"கொக்கிய குடுக்கா. இனி சில வருஷத்துக்கு அவன் நம்மகிட்ட வாலாட்ட முடியாது, எழுதி வாங்கிட்டாங்க!"

மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை. "கைய கட்டிப்போட்டு வாங்கினது இன்னாடா மருவாத? அந்தக் கெடு முடிஞ்ச பொறவும் வர்றானா பாரு. வந்தா தரேன்."

எனக்குக் கோபம்தான். ஆனால் கப்பலில் ஏறியதும் அக்கா சொன்னது புரிந்தது. ஜெர்மன் அதிகாரி எங்கள் சலாமுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான். குற்றம் கண்டுபிடிக்கவே தோல் கட்டு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தான். பாவம், ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் கொக்கி கட்டின் கயிற்றில்தான் மாட்டும், தோலைத் தொடாது. அந்தத் திமிர் எனக்கு இன்றைக்கும் உண்டு.

கெடு முடிந்தது. "இனிமேல் அவன் வரியை ஏற்றலாம், வேறு ஊரில் வாங்கலாம்" என்றார் ரைட்டர். அவன் வராவிட்டால் அந்தக் கொக்கி ஆணியைவிட்டு இறங்காது; மாமாவின் இடமும் காலியாகவே கிடக்கும். மழைக்காலம் போயிற்று. ஜெர்மன் கப்பல் ஒன்றும் வரவில்லை.

வெயில் ஏறிய பிறகு வந்தது. அதே அதிகாரி. ரைட்டர் எங்களைக் காட்டி எல்லா செட்டும் கேட்கும்படி கத்தினார்: "தோல் கட்டுங்கள இவங்கதான் ஏத்தணுமாம். மத்தவங்க ஏத்தினா கீறல் விழுதாம்!"

வியர்வையோடு ஓடிப்போய்ச் சொன்னேன். அக்கா எழுந்து கொக்கியைக் கழற்றினாள். அத்தனை வருஷம் தொங்கிய இரும்பில் துளி துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்தே வைத்திருக்கிறாள்.

"கேட்டு வந்துகீறான்ல? எட்த்துகினு போ. கயித்துலயே மாட்டச் சொல்லு. தோல்ல கீறல் விழுந்தா உங்க மாமா பேரு கெட்டுப்பூடும்."

மாமாவின் இடத்துக்குக் காத்திருந்த அவர் தம்பி கையில் கொக்கியைக் கொடுத்தேன். அன்று ஏழு பேராகக் கப்பலேறினோம்.