ஸ்கேன் சென்டர் பொண்ணு சட்டையில் இருந்த பேட்ஜ்

இன்று பழங்காநத்தம் ஸ்கேன் சென்டரில்...

மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாதம். சி.டி. ஸ்கேனுக்குப் போயிருந்தேன். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: பதினான்கு வருடம் ஏர் ஹோஸ்டஸாக இருந்தவள் நான்.)

துணைக்கு என் சித்தப்பா மகள் கௌசி வந்திருந்தாள். அவளுக்கு அழகர்கோவில் பக்கத்துக் கிராமம்.

வருகிற திங்கட்கிழமை அவளும் ஏர் ஹோஸ்டஸ் ட்ரெய்னிங்குக்குக் கிளம்புகிறாள். என் ஃபோட்டோக்களைப் பார்த்துப் பார்த்தே ஆசைப்பட்டவள்!

ஃபைலைப் புரட்டிய டெக்னீஷியன் பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, நீங்க ஏர் ஹோஸ்டஸா! சொல்லவே இல்ல! ஒரு செல்ஃபி எடுத்துக்கிரட்டுமா?"

(போட்டிருப்பது ஆஸ்பத்திரி கவுன், முகமெல்லாம் வீக்கம். எடும்மா, எடு!)

பக்கத்தில் வந்து நின்றபோதுதான் அவள் சட்டையில் குத்தியிருந்த சின்ன பேட்ஜைப் பார்த்தேன். என்னவென்று கேட்டேன்.

"இதாக்கா? எங்க மேல எம்புட்டு ரேடியேஷன் படுதுன்னு இது காட்டும். மூணு மாசத்துக்கு ஒருக்கா அனுப்பிப் பாப்பாங்க. கூடிப்போச்சுன்னா வேலைய மாத்தி விட்ருவாங்க. மேல பறக்குறவங்களுக்கும் ரேடியேஷன் உண்டுன்னு காலேஜ்ல படிச்சோம். ஒங்களுக்கும் குடுத்துருப்பாங்கள்ல?"

எனக்கா?

ஏர்லைன்ஸில் எங்கள் எடையைப் பார்த்தார்கள். லிப்ஸ்டிக் நிறத்தைப் பார்த்தார்கள். நகத்தின் நீளத்தைக்கூடப் பார்த்தார்கள்!

வானத்திலிருந்து வருகிற கதிர்வீச்சு என்று ஒன்று இருப்பதைப் பதினான்கு வருடத்தில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. ஒருவரும்!

இதில் என் முட்டாள்தனம் வேறு.

ராத்திரி முழுக்கப் பறக்கிற நீண்ட ஃப்ளைட் என்றாலே மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். நான் கேட்டு வாங்கி ட்யூட்டியை மாற்றிக்கொள்வேன். அப்போதுதான் சேர்ந்தாற்போல நாலு நாள் லீவு கிடைக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்துவிடலாம்!

(தங்கமான பொண்ணு என்று கூட இருந்தவர்கள் கொண்டாடினார்கள்.)

ஸ்கேன் முடிந்ததும் அங்கிருந்த டாக்டரிடம் நேராகவே கேட்டேன். இது அந்த வேலையால் வந்ததா?

"இருக்கலாம்மா. ராத்திரி வேலை, ரேடியேஷன் ரெண்டும் காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. ஆனா ஒங்களுக்கு இதுனாலதான் வந்துச்சுன்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் கோபத்தை யார் மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

ஆட்டோவில் திருநகர் திரும்பும் வழியில் கௌசியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ போகாதடி."

"எனக்குத் தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீ ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கைல, வெளிய ஒக்காந்து ஃபோன்ல அம்புட்டையும் படிச்சேன்."

"தெரிஞ்சுமா போற?"

"பருத்திக் காட்டுல மருந்தடிச்சே எங்கம்மா செத்துப்போச்சு. அது ஒடம்புக்கு ஆகாதுன்னு எவனாச்சும் வந்து சொன்னானா? நா இங்கன இருந்தா அதே காட்டுக்குத்தானக்கா போகணும். அங்கயாச்சும் ஏசி இருக்கும்ல!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

சித்தி செத்த மூன்றாம் நாளே சித்தப்பா அந்தக் காட்டுக்கு வேலைக்குப் போனது எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏர் ஹோஸ்டஸ் கொண்டை எப்பிடிப் போடுறதுன்னு சொல்லிக் குடுக்கா. முத நாளே திட்டு வாங்கக் கூடாது."

சொல்லிக் கொடுத்தேன். கீமோவுக்குப் பிறகு என் விரல் நுனிகள் மரத்துக் கிடக்கின்றன. ஹேர்பின்னைப் பிடிக்கவே வரவில்லை. மூன்று முறை கீழே விழுந்தது. அவள் ஒவ்வொரு முறையும் எடுத்துக் கொடுத்தாள்.

அழுவது கண்ணாடியில் தெரியக் கூடாதென்று அவள் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

நீங்களாக இருந்தால் அவளைத் தடுத்திருப்பீர்களா?

எதைச் சொல்லித் தடுத்திருப்பீர்கள்?