மர்ஃபிகளில் ஒருவர் குறைவு

மகள் பிறந்து சில நாட்களில் அயர்லாந்திலிருந்து மாமியார் அனுப்பிய பொதி வந்தது. கம்பளிச் சட்டை, தொப்பி, காலுறை, கூடவே கோப்பை துடைக்கும் துணி ஒன்று. விமான நிலையக் கடைகளில் விற்பார்களே, அந்த மாதிரித் துணி. மேலே பெரிய எழுத்தில் ‘மர்ஃபி’ என்று அச்சிட்டு, நடுவில் கேடயமும் சிங்கங்களும் வரைந்து, கீழே அந்தக் குடும்பப் பெயரின் வரலாற்றைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பிள்ளையைக் குளிப்பாட்ட ஹம் நகரிலிருந்து ரயிலேறி ஹனோவரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அம்மா அதை விரித்துப் பார்த்தார்.

“உதென்ன, கொடியோ?”

“குசினித் துணி அம்மா. இவையின்ர பேர் எங்கயிருந்து வந்ததெண்டு போட்டிருக்கு.”

“பேரை எழுதிப்போட்டு அதாலயே கோப்பை துடைக்கிறதோ? நல்ல சனம்.”

அம்மா அதை மடித்து என் சேலைகளோடு அலுமாரியில் வைத்துவிட்டார். என் கணவர் அதைத் திரும்ப எடுத்து, எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினார். அயர்லாந்தில் மிக அதிகமானவர்களுக்கு இருக்கும் குடும்பப் பெயர் மர்ஃபிதான். ஆதியில் அது தனி மனிதன் ஒருவனுடைய சொந்தப் பெயர். கடல் வீரன் என்று பொருள். ஒருவன் மட்டுமல்ல, வெவ்வேறு ஊர்களில் அதே பெயரோடு பலர் இருந்திருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ‘இன்னாரின் பேரன்’ என்று சொல்வதற்காகப் பெயருக்கு முன்னால் ஓர் ‘ஓ’ சேர்த்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்த பெயர், எங்கோ ஒரு தலைமுறையில் அசையாமல் நின்றுவிட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் அந்த ‘ஓ’வும் உதிர்ந்து போனது. துணியின் அடியில் புகழ்பெற்ற மர்ஃபிகளின் வரிசை இருந்தது: நடிகர்கள், குத்துச்சண்டைக்காரர், ஆயர், பந்து விளையாடுபவர்கள்.

என் கணவர் படித்த வகுப்பில் மட்டும் ஐந்து மர்ஃபிகளாம். ஊரில் தபால்காரரும் மர்ஃபி, பாதிரியாரும் மர்ஃபி. அதனால் ஒருவரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் தகப்பன் பெயரையும் பாட்டன் பெயரையும் கோத்துத்தான் சொல்வார்களாம்.

“அப்ப எங்கட ஆக்கள் மாதிரித்தான்,” என்றார் அம்மா. அன்றுதான் அவருக்கு மருமகன் வீட்டார்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்த வாசிப்பில் மனம் ஒட்டவில்லை. மகளின் பெயரை நாங்கள் இன்னும் பதியவில்லை. கூப்பிடும் பெயர் முடிவாகியிருந்தது. குடும்பப் பெயராக மர்ஃபியா, என்னுடையதா என்று பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்குத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. மர்ஃபி என்று எழுதிவிட்டு, இரண்டாம் பெயராக என் அப்பாவின் பெயரைச் சேர்க்க நினைத்திருந்தேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே, அவர் பெயர் ஒரு பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பெண் பிள்ளைக்கு ஆண் பெயரா, பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்களா, அவள் வளர்ந்து என்னைக் கோபிப்பாளா என்று ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் யோசித்தேன். முடிவு செய்வேன், மறு நேரம் பால் கொடுக்கும்போது மாற்றுவேன்.

அந்த ஆசைக்குக் காரணம் உண்டு. என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர் அல்ல. அப்பா அகதியாக வந்து முதன்முதலில் விண்ணப்பம் கொடுத்த இடத்தில் குடும்பப் பெயர் என்னவென்று கேட்டிருக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. தகப்பன் பெயரை முன்னால் போட்டுத் தன் பெயரைப் பின்னால் எழுதுவதுதான் வழக்கம். அப்பாவும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அன்றோடு அப்பாவின் தகப்பனார், அப்பா ‘ஐயா’ என்று அழைத்தவர், எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஆகிவிட்டார். அம்மாவுக்கு அதுதான், எனக்கும் அதுதான். இங்கே பல தமிழ்க் குடும்பங்களுக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது. ஐயாவின் பெயரையோ அப்பாவின் பெயரையோ நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வாரமே யாராவது அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

ஹம்மில் கம்பி செய்யும் தொழிற்சாலையில் அப்பா ஓய்வு பெறும்வரை வேலை செய்தார். அங்கே அவர் ஐயாவின் பெயரால்தான் அழைக்கப்பட்டார். வங்கியில், மருத்துவரிடம், என் பள்ளிக்கூடத்தில், எல்லா இடத்திலும் அப்படியே. தமிழர் எல்லோருக்கும் அவர் அண்ணை. அம்மாவுக்கு ‘இஞ்சருங்கோ’. கணவன் பெயரை அம்மா வாயால் சொன்னதே இல்லை, மருத்துவமனையில் கேட்டால்கூட என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். அப்பாவின் சொந்தப் பெயரை ஒருவரும் சொல்லாமல் ஒரு வாழ்நாளே போய்விட்டதே என்று எனக்குப் பெரிய கவலை. அப்பாவிடம் இதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கே தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

நான் கர்ப்பமாக இருந்தபோது அப்பாவுக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டது. உயிர் தப்பினார், நினைவு தடம் மாறிவிட்டது. வீட்டில் வைத்துப் பார்க்க அம்மாவால் ஏலவில்லை, ஹம்மிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். பிள்ளையைப் பார்க்க எங்களிடம் வந்த நாட்கள் தவிர, அம்மா தினமும் போய் இருந்துவிட்டு வருவார். அங்கே பராமரிக்கும் பெண் காலையில் கதவைத் தட்டி, மரியாதையாக, குடும்பப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார். அப்பா வாசல் பக்கம் பார்ப்பார்.

“ஐயா வெளிய போயிட்டார்,” என்பார் தமிழில். “பின்னேரம் வாங்கோ.”

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியுமா என்ன? தன் பெயருக்கே பதில் சொல்லத் தெரியாத அளவுக்கு அப்பாவுக்கு மறதி என்று நினைத்துக்கொண்டார். பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவை நான் போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர்கள் வேறொருவரைக் கூப்பிடுகிறார்கள், அப்பா சரியாகத்தான் பதில் சொல்கிறார். நான் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் விளக்கி, அப்பாவை அவருடைய சொந்தப் பெயரால் அழைக்கும்படி கேட்டேன்.

“வயதானவர்களை நாங்கள் அப்படிக் கூப்பிடுவதில்லை. மரியாதை இல்லை,” என்றார் அவர்.

கடைசியில் சொந்தப் பெயருக்கு முன்னால், ஜெர்மன் மொழியில் ‘திரு’ என்று பொருள்படும் ‘ஹெர்’ போட்டு அழைக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். மறுநாள் அவர் அப்படி அழைத்தபோது நானும் இருந்தேன். அப்பா உடனே நிமிர்ந்து, “யா?” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

“என்ன பிள்ளை, எளிய பெட்டையள் எல்லாம் உவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகினம்.”

“அவற்ர பேர்தானே அம்மா.”

“பேர்தான். அதுக்காக?”

ஹனோவருக்குத் திரும்பும் ரயிலில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் பெயரை உறுதியாக முடிவு செய்தேன். பெயர் பதிய அலுவலகத்தில் டெர்மினும், அதாவது சந்திப்பு நேரமும், எடுத்தேன்.

டெர்மினுக்கு முந்திய வாரம் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அப்பா சாப்பிடுகிறார் இல்லை என்றார்.

“ஏனாம்?”

“ஐயாவை ஏன் இப்ப ஒருத்தரும் கேட்டு வாறேல்லை எண்டு கேட்டுக்கொண்டிருந்தவர். நான் ஒண்டும் சொல்லேல்லை. நேற்றுக் கேட்டார், செத்துப்போனாரோ எண்டு. எனக்குப் பொய் சொல்ல வாய் வரேல்லை. பேசாமல் இருந்திட்டன். விளங்கிட்டுது அவருக்கு. செத்தவீட்டுக்குப் போகவேணும், டிக்கெட் போடு எண்டு நிக்கிறார்.”

அம்மா தொடர்ந்து சொன்னார். எனக்குத் தெரியாத கதை. ஐயா ஊரில் இறந்தபோது அப்பாவின் அகதி விண்ணப்ப விசாரணை முடிந்திருக்கவில்லை. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது, ஊரிலோ சண்டை. செய்தி வந்த மறுநாளும் வேலைக்குப் போனார். பின்னேரம் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இருந்துகொண்டு, “இண்டைக்கும் ஐயாவைக் கூப்பிட்டாங்கள்,” என்று அம்மாவிடம் சொன்னாராம்.

“பிறகும் இடைக்கிடை சொல்லுவார். ஐயான்ர பேரைச் சொல்ல இந்த வெள்ளைக்காரராவது இருக்கிறாங்கள் எண்டு. உமக்கு இதெல்லாம் தெரியுமெண்டு நினைச்சன் பிள்ளை.”

அப்பாவின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன், அப்பாவோ ஐயாவின் பெயரை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்று முழுவதும் மகள் அழுதுகொண்டிருந்தாள். என் பதற்றம்தான் அவளிடம் பாலாய்ப் போகிறது என்று அதற்கும் பயந்தேன்.

கணவரிடம் சொன்னேன். நான் கேட்கத் தயங்கியதை அவரே சொன்னார்.

“பிள்ளைக்கு உன் குடும்பப் பெயரையே வைப்போம்.”

“உங்கட அம்மாவுக்கு மனவருத்தமாய் இருக்கும். துணியெல்லாம் அனுப்பினவ.”

“மர்ஃபிகள் நிறையப் பேர் இருக்கிறோம். ஒருவர் குறைந்தால் அயர்லாந்தில் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் பெயரில் எத்தனை பேர்?”

மூன்று பேர். அதில் ஒருவருக்குத் தன் தகப்பன் உயிரோடு இல்லையென்று இப்போதுதான் தெரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டு சொன்னாலும், பிறகு கணவர் குசினியில் தனியாக நெடுநேரம் நின்றார். தாயிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பார். பிள்ளையின் பெயரை அவரிடமிருந்து எடுத்து என் வீட்டுக்குக் கொடுக்கிறேனா என்ற கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தோம். இரண்டாம் பெயர் எதுவும் வைக்கவில்லை. இல்லத்துக்கும் தொலைபேசி எடுத்து, அப்பாவைப் பழையபடியே அழைக்கச் சொன்னேன். நான் அடிக்கடி மனதை மாற்றுகிற ஆள் என்று அந்தப் பெண் நினைத்திருப்பார். பரவாயில்லை. அவர்கள் பழையபடி அழைத்தார்கள். ஆனால் அப்பா வாசலைப் பார்க்கவில்லை, யாரையும் பின்னேரம் வரச் சொல்லவுமில்லை. ஒருமுறை தெரிந்ததை அவர் திரும்ப மறக்கவில்லை. எத்தனையோ மறந்தவர், இதை மட்டும் வைத்துக்கொண்டார்.

சான்றிதழ் வந்த கிழமை மூன்று பேருமாக ஹம்முக்குப் போனோம். அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்துவிட்டார். கணவர் பிள்ளையை அவர் அருகில் கிடத்திக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து, பிள்ளையின் முழுப் பெயரை மெதுவாகச் சொன்னேன். ஐயாவின் பெயர் வந்தபோது அப்பா பிள்ளையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“சாப்பிட்டீங்களோ?” என்று அவளிடம் கேட்டார்.

அம்மாதான், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, “ஓம், சாப்பிட்டாச்சுது,” என்றார்.

அப்பா அவளுடைய காலைத் தொட்டார். காலுறையோடு சேர்த்து முழுப் பாதத்தையும் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

“எனக்கு வர ஏலாமல் போச்சுது ஐயா,” என்றார். “விசா இல்லை.”