சுவீடன் பையனும் அஞ்சுகிராமத்து மாமாவும்

பனிக்கட்டியை நான் அதுவரை மீன் பெட்டியிலும் சர்பத் கடையிலும்தான் பார்த்திருந்தேன். அதன் மேல் சறுக்கி ஓடி ஹாக்கி விளையாடுகிறவர்களைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை, இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய ஒரு வருடத்தில் எனக்குக் கிடைத்தது. நாகர்கோவிலில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் அலுவலகம். சில கம்ப்யூட்டர்களும் ஒரே ஒரு ஏசியும் இருந்தன. ஏசி முதலாளியின் அறைக்குள் இருந்ததால், நாங்கள் வியர்த்துக்கொண்டே பனியைப் பார்ப்போம்.

வேலை இதுதான். வெளிநாட்டு அணிகள் ஆண்டுதோறும் இளம் ஆட்டக்காரர்களை முறை வைத்துச் சுற்றுச் சுற்றாகப் பங்கு போட்டுக்கொள்ளும். முதல் சுற்றில் போகிற பையன்களைப் பார்க்க நிபுணர்கள் விமானம் ஏறிப் போவார்கள். கடைசிச் சுற்றில், எடுத்தால் எடுக்கலாம் என்று எடுக்கப்பட்ட பையன்களைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவர்களுடைய ஆட்ட வீடியோப் பதிவுகள் எங்களுக்கு வரும். எங்களுக்கு ஏன் வந்தன என்றால், முதலாளியின் மச்சினன் அப்படி ஓர் அணியின் ஊரில் இருந்தார். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் முதலாளிக்குப் பிடிக்காது.

என் பங்குக்கு வந்தவன் சுவீடன்காரப் பையன். பத்தொன்பது வயது, நெடுநெடுவென்ற உயரம், தடுப்பு ஆட்டக்காரன். எங்கள் ஊர்க் கால்பந்து மொழியில் சொன்னால் பேக். அவனை ஒப்பந்தம் போட்டு வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்று அவன் அணி முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்குத்தான் என் அறிக்கை.

அதே நாட்களில் ஆரல்வாய்மொழியில் எங்கள் வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முப்பது தாண்டியிருந்தது. சில இடங்கள் விசாரணையோடு நின்று போயிருந்தன. கடைசியாக வந்தது அஞ்சுகிராமத்துப் பெண், பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் சர்ச் சபையார் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அவளை நான் பார்த்திருந்தேன். பரிமாறியவர் இலையில் உப்பு வைக்க மறந்ததை எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. இது தட்டிப்போனால் இனி எனக்குப் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருகிறவர் விசாரிக்க வந்ததாகச் சொல்ல மாட்டார். டீக்கடையில் ஒரு டீ குடித்தபடி பேச்சுவாக்கில் கேட்பார். போதகரிடம் ஆராதனை நேரம் கேட்பதுபோல் ஆரம்பிப்பார். பதில் சொல்கிறவர்களும் ஒன்றும் தெரியாத முகத்தோடு ஒரே பதிலைச் சொல்வார்கள்: தங்கமான பையன். ஒரு கல்யாணத்தைக் கலைத்த பாவம் யாருக்கு வேண்டும்? குடிகாரனாக இருந்தால் கலகலப்பான ஆள். வேலைக்குப் போகாதவன் என்றால் வீட்டோடு ஒட்டுதலாக இருப்பவன். சொல்கிறவரின் குரல் எங்கே இறங்குகிறது என்பதை வைத்து, கேட்பவர்தான் மற்றதை ஊகித்துக்கொள்ள வேண்டும். எனக்காக எங்கள் தெரு டீக்கடைக்காரர் ஆடிக் காற்றில் கத்திச் சொன்ன 'தங்கமான பையன்' அடுத்த தெரு வரைக்கும் கேட்டதாம்.

இந்த வளர்ப்பில் வந்த நான் சுவீடன் பையனைப் பற்றி வேறு எப்படி எழுதுவேன்? அமைதியான பையன் என்று எழுதினேன். நடுவரை எதிர்த்துப் பேசுவதில்லை. வம்புச் சண்டைக்குப் போவதில்லை. அப்பாவும் இதே விளையாட்டு விளையாடியவர். நல்ல உயரம்.

மறுநாள் அந்த அணியின் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. 'இவன் என் மகளைப் பெண் கேட்டு வரவில்லை. இவனிடம் என்ன கோளாறு என்று எழுது. எங்கே தப்பு செய்கிறான், தப்பு செய்த அடுத்த நொடி என்ன செய்கிறான், இந்த இரண்டும் எனக்குப் போதும்.'

பக்கத்து சீட்டுக்காரன் கீரிப்பாறைக்காரன். அவன் அப்பா அரசு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். அந்த விளையாட்டில் அடிக்கிற கறுப்பு வட்டு ரப்பரில் செய்தது என்று தெரிந்த நாளிலிருந்து, "நம்ம சாதனமாக்கும்" என்று அவனுக்கு அதில் ஒரு உரிமையே வந்துவிட்டது. இருவரும் சேர்ந்து பதிவுகளை முதலிலிருந்து போட்டுப் பார்த்தோம்.

"மக்கா, இவன் இடது பக்கம் திரும்பி முடிக்கதுக்குள்ள கீரிப்பாறை பஸ்ஸு ரெண்டு வளைவு ஏறிரும் கேட்டியா," என்றான்.

உண்மைதான். ஆனால் அதை எழுதக் கை கூசியது. யார் பெற்ற பிள்ளையோ, கடைசிச் சுற்றில் தப்பித் தவறி இடம் பிடித்திருக்கிறது, நான் எதற்கு அதைக் கெடுக்க வேண்டும் என்று இருந்தது.

அப்போதுதான் ஒரு ஆட்டத்தில் அவன் பெரிய தப்பு ஒன்று செய்தான். பதற்றத்தில் வட்டை எதிராளியின் மட்டைக்கே கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். அடுத்த நொடி திரும்பி ஓடி வந்து, கோல் முன்னால் பனியில் நீட்டி நிமிர்ந்து விழுந்து, வட்டைக் காலில் வாங்கினான். நொண்டிக்கொண்டே எழுந்தான். கூட ஆடுகிறவர்கள் பக்கம் கையை விரிக்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை, தன் இடத்துக்குப் போய் நின்றான். நாங்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். எனக்கு அந்தப் பையன்மேல் பாசமே வந்துவிட்டது. திரும்புவதில் தாமதம், பதற்றம், பிறகு இந்த ஓட்டம் என்று எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதி, வைத்துக்கொள்ளலாம் என்று முடித்தேன்.

இதுதான் அறிக்கை என்று பாராட்டு வந்தது. முதலாளி மகிழ்ந்துபோய், அன்று மதியம் முழுக்கத் தன் அறைக் கதவைத் திறந்து வைத்தார். கீரிப்பாறைக்காரனுக்கோ அப்படி அறிக்கை எழுதும் முறை தலைக்கேறிவிட்டது. டீக்கடை வடையிலிருந்து போதகரின் பிரசங்கம் வரை எல்லாவற்றுக்கும் அறிக்கை சொல்ல ஆரம்பித்தான். "தொடக்கம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு, திரும்புகதுக்குத்தான் நேரம் எடுக்கு" என்பான்.

அஞ்சுகிராமத்திலிருந்து பெண்ணின் தாய்மாமா வந்தது இந்த நிலைமையில்தான். நான் முதலாளி அறையில் பிரிண்டரைச் சரி செய்துகொண்டிருந்தேன். முதலாளி வெளியே போயிருந்தார். கதவு ஒருக்களித்திருந்தது. துணிப்பையோடு ஒருவர் படியேறி வந்தார். அவரைக் கல்யாண வீட்டில் பெண்ணோடு பார்த்திருந்ததால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. விசாரிக்க வருகிறவர் எதிரே மாப்பிள்ளை போய் நிற்கக் கூடாது. பிரிண்டருக்குப் பக்கத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இங்க கம்ப்யூட்டரு படிச்சுக் குடுப்பியளா தம்பி?" என்று மாமா ஆரம்பித்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்றான் கீரிப்பாறைக்காரன்.

"எனக்குத்தான்." அவருக்கு அறுபது வயது இருக்கும். அந்தப் பொய்யை அதற்கு மேல் வளர்க்கத் தெரியாமல் விஷயத்துக்கு வந்தார். "ஆரல்வாய்மொழிக்காரப் பையன் ஒருத்தன் இங்க வேலை பாக்கானாமே. ஆளு எப்படி?"

தங்கமான பையன் என்று சொல்லு, சொல்லு என்று நான் உள்ளே வாயசைத்தேன்.

"குறையில இருந்து தொடங்கலாமா அண்ணாச்சி?" என்றான் அவன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வேகம் கம்மி. ஒரு சட்டை எடுக்கப் போனா கடைக்காரன் சோறு தின்னுட்டு வந்திருவான், இவன் அங்கணயே நிப்பான். அம்மை சொன்னா மறுபேச்சு கிடையாது, வாறவளுக்கு அது கொஞ்சம் கஷ்டம். கோவம் வந்தா சத்தம் போட மாட்டான், ஆனா மூஞ்சியத் தூக்கி வச்சுகிட்டு மூணு நாளு பேச மாட்டான். இடைல பாட்டு வேற பாடுவான். அது சகிக்காது."

"குடிப்பானா?"

"அது இல்ல. குடிச்சாலாவது கொஞ்சம் வேகம் வந்திருக்கும்."

மாமா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இருங்க, இன்னும் முடியல்ல," என்றான். "தப்பு பண்ணினா என்ன செய்வான்னு நீங்க கேக்கணும்லா. போன மாசம் ஒரு அறிக்கைல ஆள மாத்தி எழுதி அனுப்பிட்டான். முதலாளி ஏசினது என்னையாக்கும். இவன் நேரே உள்ள போனான், நான்தான் அனுப்பினேன்னு சொன்னான், வந்து இருந்து மொத்தத்தையும் திருப்பி எழுதினான். எம் மூஞ்சியக்கூட பாக்கல்ல. அவ்வளவுதான் அண்ணாச்சி."

மாமா கம்ப்யூட்டர் படிப்புக்கு எவ்வளவு ஆகும் என்றுகூடக் கேட்காமல் படியிறங்கிப் போனார்.

நான் வெளியே வந்தேன். "ஏலே, உனக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்?"

அவன் நிஜமாகவே திகைத்தான். "கடைசில நல்லதுதானே மக்கா சொன்னேன்."

அவனோடு பேச்சை நிறுத்தினேன். நாலாம் நாள் தாங்க முடியாமல் பிரிண்டர் மை எங்கே என்று கேட்டபோது, "மூணு நாளுன்னு சொன்னம்லா" என்று மையை எடுத்துக் கொடுத்தான்.

அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அலுவலகத்தில் உனக்கு ஆகாதவர்கள் யாராவது உண்டா என்று அம்மா கேட்டார். ஆகிறவன் ஒருவன் உண்டு, அதுதான் தொல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இதற்கிடையில் சுவீடன் பையனை விட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. இடப்பக்கம் திரும்புவது போதாது என்று ஒரு வரிக் காரணம். அது நான் எழுதிய வரி. வைத்துக்கொள்ளலாம் என்று நான் எழுதியதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு கல்யாணத்தைக் கலைத்தவன்போல் எனக்கு மனசு கனத்தது. கீரிப்பாறைக்காரனும் நானும் டீ குடிக்கப் போய், வடை எடுக்காமலே திரும்பி வந்தோம். எனக்கும் இதே பதில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் மாமா, கையில் ஒரு குலை மட்டிப்பழத்தோடு நிற்கிறார். மறுக்க வருகிறவர் பழத்தோடு வர மாட்டார். அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

"இதுக்கு முன்ன எங்க பிள்ளைக்கு விசாரிச்ச மாப்பிள்ளை எல்லாம் தங்கமாக்கும்," என்றார் மாமா. "பிள்ளை எங்கிட்ட கேட்டா, ஏன் மாமா, ஒருத்தனுக்குக்கூட ஒரு குறையும் இல்லியான்னு. அப்பந்தான் இந்த ஆபீஸ் கதையச் சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சா. இதச் சொன்னது எதிராளியா, கூட்டாளியான்னு கேட்டா. கூட்டாளின்னேன். அப்பம் செரின்னுட்டா."

என் குறைகளையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொண்டுதான் அவள் கல்யாணமாகி வந்தாள். என்னோடு துணிக்கடைக்குப் போகும்போது படிக்க ஒரு புத்தகம் எடுத்துக்கொள்வாள். நான் முகத்தைத் தூக்கினால், "இன்னும் ரெண்டு நாளு கெடக்குலா" என்று தன் வேலையைப் பார்ப்பாள்.

அவளைப் பற்றி அஞ்சுகிராமத்தில் விசாரித்தது அம்மா. கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்: தங்கமான பிள்ளை. கோபம் வந்தால் அவள் கதவைச் சாத்துகிற சத்தத்தில் ஓடு இறங்கும் என்று யாரும் சொல்லவில்லை. நான் கூட்டலில் தப்பு செய்தால், கரும்பலகைக்கு முன்னால் நிற்க வைப்பதுபோல் நிற்க வைத்துத் திரும்பச் செய்யச் சொல்வாள் என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உன்னைப் பத்தி எங்ககிட்ட யாருமே இதச் சொல்லல்லியே" என்றேன்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அதுக்கு நீங்க உங்க கூட்டாளியத்தான் அனுப்பியிருக்கணும்லா."