கடுகளவு டேப்

வெயிலில் படம் வெளுத்துப்போவதை ஜெயித்தாள், கண்ணாடிக்கு முன்னால் கறுப்புத் தகடு மாட்டி. காதோரம் சுட்ட பேட்டரியை ஜெயித்தாள், அதை இடுப்பு வாருக்கு இறக்கி. பத்தாவதோடு நின்றவளுக்கு இந்தக் கருவியில் என்ன வேலை என்று கேட்டவர்களையும் ஜெயித்தாள். பம்பு பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் தன் தங்கை பொடிசைப் பற்றி இப்படி விரல்விட்டு எண்ணிச் சொல்வார். நான்காவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும்.

அந்தக் கருவி, மாட்டிக்கொண்டு பம்பைப் பார்த்தால், அடுத்து முறுக்கவேண்டிய போல்ட்டின் மேலேயே பச்சை வட்டம் காட்டும் மூக்குக்கண்ணாடி. தயாரித்த கம்பெனி பட்டறைக்குப் பன்னிரண்டு கொடுத்து, சோதித்துப் பார்க்கப் பொடிசைத் தற்காலிகமாக வைத்திருந்தது. ஆனால் வட்டம் போல்ட்டில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு சுவருக்குப் போனது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கண்ணாடிகள் திரும்பிப் போகும். அவள் வேலையும் கூடவே போகும்.

புதன்கிழமை ஒவ்வொன்றாகத் துடைத்தபோது, நடுவிலிருந்த சின்னக் கேமராவில் நகம் தட்டியது. பன்னிரண்டிலும் கடுகளவு கறுப்பு டேப்.

"அண்ணே, இது யாரு வேலை?"

வெல்டர் முந்திக்கொண்டார். "நாங்க கொட்டாவி விடுறதக்கூட மேனேஜர் உக்காந்து பாக்கணுமாம்மா?"

"நீயுமாண்ணே ஒட்டின?"

அண்ணன் ஸ்பானரைப் பார்த்தபடி நின்றார். "ஊரோட ஒத்துப் போகணும்ல."

"நல்லா ஒத்துப் போனீங்க! கண்ணக் கட்டிவிட்டுட்டு வழி காட்டுன்னா, அது எங்க காட்டும்?"

திட்டியதோடு சரி. சாயங்காலம்வரை போனில் கம்பெனியோடு மல்லுக்கு நின்றாள். ஆபீசுக்குப் படம் போகும் வழியை அடைக்கச் செய்தாள். மறுநாள் எல்லோர் முன்னாலும் பன்னிரண்டு மெமரி கார்டுகளைக் கழற்றி வெல்டர் கையில் வைத்தாள். "நீங்களே வெச்சுக்கங்க. இனி அது போல்ட்டத் தேடும், ஒங்க கொட்டாவிய இல்ல."

அண்ணன்தான் முதலில் டேப்பை உரித்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

தலையை ஆட்டினார். வட்டம் அசையவில்லை. பம்பைச் சுற்றி வந்தார். போல்ட்டோடு ஆணியடித்ததுபோல் அங்கேயே நின்றது. பிறகு மூடிய இரும்புக்குள்ளிருந்து தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின் இதழ்கள் ஒளிக்கோடுகளாக எழுந்தன. இருபத்தாறு வருடம் விரலால் தடவி மட்டுமே அறிந்த இடம். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்: வெறும் இரும்பு. மாட்டினார்: உள்ளே வெளிச்சம்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் வெல்டர்.

"வாய மூடிட்டு வந்து பாருடா."

மத்தியானத்துக்குள் எல்லா டேப்பும் தரையில் கிடந்தன.

அதுவரை அவள் எழுதிய சோதனைத் தாள்களில் கம்பெனி இன்ஜினியர்தான் கையெழுத்திடுவார். அன்று அவர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். "கண்டுபிடிச்சது நீ. நீயே போடும்மா."

கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, 'சோதித்தவர்' என்ற கட்டத்தில் முழுப்பெயரையும் எழுதினாள். தேதி: 2021 ஆகஸ்ட் 19, வியாழக்கிழமை.