சோமசுந்தரம் மாஸ்டரின் டைமிங் செயின்

மோட்டார் சைக்கிள் திருத்துகிறவனுக்கு வண்டியால் வருகிற தொல்லை பாதிதான், மீதி வண்டிக்காரர் வீட்டிலிருந்து வரும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும், அப்படி ஒருவரைக் கட்டிக்கொண்டு அவதிப்படுபவர்களுக்கும் நான் சொல்வது உடனே விளங்கும்.

ஹோலில் கிடந்த எஞ்சின்

கடுகண்ணாவை ஏற்றத்தில் நானும் ரிஸ்வியும் சேர்ந்து கராஜ் நடத்திய காலம். ஒரு நாள் நாவலப்பிட்டியிலிருந்து சோமசுந்தரம் மாஸ்டர் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கு வாத்தியார். இரண்டு சிலிண்டர் உள்ள பழைய ஜப்பான் வண்டி. தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். கேட்டவுடனே தெரிந்துவிட்டது, எஞ்சினுக்குள் சுற்றுகிற டைமிங் செயின் தேய்ந்து தொங்குகிறது.

"மாத்திடலாம் மாஸ்டர். எஞ்சினை இறக்கணும்" என்றேன். மனுஷன் முகம் வெளுத்துப்போனது. முன்பொரு மெக்கானிக் அவர் வீட்டு ஹோலிலேயே, நடுக்கூடத்தில், எஞ்சினை இறக்கிப் பிரித்துப்போட்டுவிட்டு எட்டு மாதம் ஆளே வரவில்லையாம். பிஸ்டன் கண்ணாடி அலுமாரிக்குள், நட்டுகள் எல்லாம் அவர் மனைவி டீச்சரம்மாவின் சுளகில். அன்றைக்கு அந்த அம்மா போட்ட கட்டளையை மாஸ்டர் அப்படியே ஒப்புவித்தார்.

"இன்னொருக்கா எஞ்சின் கீழ இறங்கினா, வண்டி பழைய இரும்புக்காரனுக்கு எண்டு சொல்லிப் போட்டா, தம்பி. அவ சொன்னாச் செய்வா!"

செய்து பழகாத வேலை

எஞ்சினை இறக்காமலே செயினை மாற்றவும் ஒரு வழி உண்டு. மேல் மூடியைக் கழற்றிப் பழைய செயினை அறுத்து, அதன் ஒரு முனையில் புதுச் செயினைக் கோத்துவிட வேண்டும். பிறகு கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் எஞ்சின் சுழலும். பழையது ஒரு பக்கம் மேலே வர, புதியது அதன் பின்னாலேயே மறுபக்கம் உள்ளே போகும். பாவாடையில் பழைய நாடாவின் நுனியில் புது நாடாவைத் தைத்து இழுக்கிறார்களே, அதே வேலைதான். ஒரே ஒரு நிபந்தனை: இரண்டு முனையையும் ஆளுக்கொருவர் இழுத்துப் பிடித்தபடியே இருக்க வேண்டும். ஒன்று கைதவறி எஞ்சினுக்குள் விழுந்தால், அதை எடுக்க எஞ்சினை இறக்கத்தான் வேண்டும்.

"அப்படியே செஞ்சிடலாம்ங்க" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். கேள்விப்பட்டிருந்தேனே தவிர, ஒருநாளும் செய்ததில்லை. மாஸ்டருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்த பிறகு அதைச் சொல்லவும் மனம் வரவில்லை. ரிஸ்வி என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டுபோனான்.

"நீ வாயால மாத்திட்டாய் மச்சான், இனி கையாலயும் மாத்து."

கியரில் நிற்கும் வண்டி

எங்கள் பக்கத்தில் யாரும் சக்கரத்துக்குக் கல் வைப்பதில்லை. கியரைப் போட்டுவிட்டால் எந்தச் சரிவிலும் வண்டி நிற்கும், அது பழக்கம். அன்றைக்கும் நடு ஸ்டாண்டில் ஏற்றி டாப் கியரைப் போட்டு, "கியர்ல இருக்கு, அசையாது" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்கினேன். எஞ்சின் லேசாகச் சுற்றட்டும் என்று இரண்டு ஸ்பார்க் ப்ளக்கையும் நானே கழற்றி வைத்திருந்தேன். ப்ளக் துளை வழியே காற்றெல்லாம் வெளியேறிவிடுகிற எஞ்சினுக்கு வண்டியை இழுத்துப் பிடிக்கச் சக்தி ஏது? அந்த எண்ணமே எனக்கு வரவில்லை.

பழைய முனை என் கையில், புது முனை ரிஸ்வி கையில். கண்ணிகளை எண்ணிப் பார்க்கிறேன் என்று மாஸ்டர் ஹேண்டிலில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். வண்டி ஸ்டாண்டை விட்டுத் துள்ளி இறங்கி, முற்றத்துச் சரிவில் தன்பாட்டில் புறப்பட்டுவிட்டது. கையை விட்டால் செயின் உள்ளே போய்விடும். ஆகவே நான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ரிஸ்வி மறுபக்கம் விட்டுக்கொண்டு, கல்யாண ஊர்வலம் போகிற மாதிரி வண்டியோடு கூடவே போனோம். பிரேக் பிடிக்க எங்கள் இருவருக்கும் கை மிச்சமில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணுக்கு முன்னால் பழைய இரும்புக்காரன் தராசோடு நிற்கிறான். ஹேண்டிலைப் பிடித்து வந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். "பிரேக், மாஸ்டர், பிரேக்!" என்று கத்தினேன். அவரோ செயினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாலு எட்டு போவதற்குள் வண்டி பழைய டயர்க் குவியலில் முட்டி நின்றது. குனிந்து பார்க்கிறேன், உருண்டு வந்த சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிட்டிருக்கிறது, பழைய செயின் முழுக்க என் கையில். புதியது ஒரு கண்ணி பிசகாமல் உள்ளே போய், இரண்டு முனையும் மேலே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மாஸ்டருக்கு என் கத்தல்தான் புரியவில்லை.

"ஏன் தம்பி பிரேக்? நல்லாத்தானே போய்க்கொண்டிருந்தது!"

டீச்சரம்மா வந்தார்

முனைகளைப் பூட்டி, டைமிங் அடையாளங்களை ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்து ஸ்டார்ட் செய்தோம். அந்த ஆணிச் சத்தம் அடியோடு போய்விட்டது. என் வாழ்க்கையில் ஓர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இதற்கு முன் இதைச் செய்ததில்லை என்ற உண்மையை அப்போதுதான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து அதே வண்டியில், பின்சீட்டில் டீச்சரம்மாவை ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டி இரும்புக்காரனுக்குப் போகாமல் தப்பியதற்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நானும் ரிஸ்வியும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றோம். அந்த அம்மா குடையை மடக்கி, எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"முந்தி இவர் வளைவால திரும்பேக்கையே சத்தம் கேக்கும், நான் கேத்தலை அடுப்பில வைப்பன். இப்ப கதிரையில வந்து இருந்தாப் பிறகுதான் ஆள் வந்ததே தெரியுது. ரெண்டு கிழமையா இந்த மனிசனுக்குத் தேத்தண்ணி பிந்துது, தம்பி!"

ஒரு சத்தத்தை நிறுத்துவதற்கு முன்னால், அதை நம்பி யாராவது அடுப்பில் தண்ணீர் வைக்கிறார்களா என்று விசாரிக்காததுதான் அந்த வேலையில் நாங்கள் விட்ட ஒரே குறை.